ஜோ பர்க்கின் பெட்டி: ஐரிஷ் பட்டன் அக்கார்டியன் வாசிப்பு எங்கிருந்து வருகிறது?

பழைய திரைப்பாடல்களில் நாம் கேட்டுப் பழகிய அக்கார்டியனுக்கு வலதுகைப் பக்கம் பியானோக் கட்டைகள் இருக்கும். அயர்லாந்தின் மரபிசையில் பெரும்பாலும் புழங்குவது வேறு வகை. அதில் கட்டைகளே கிடையாது. இரண்டு வரிசையாகப் பட்டன்கள், மொத்தம் 21 அல்லது 23. அங்குள்ளவர்கள் அதைச் செல்லமாகப் ‘பாக்ஸ்’ என்பார்கள். நாமும் பெட்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பெட்டியை வாசித்தவர்களில் ஜோ பர்க் முக்கியமானவர். 1939-ல் அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில் லாக்ரே ஊருக்குப் பக்கத்திலுள்ள கில்னடீமாவில் பிறந்தார். 2021 பிப்ரவரி 20 அன்று காலமானார். நீண்ட வெண்தாடியும் மடியில் பெட்டியுமாக இருக்கும் அவருடைய படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ‘அவர் மீது யார் யாருடைய தாக்கம் இருந்தது’ என்ற கேள்விக்குப் பொதுவாக ஒரு பெயர்ப் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கும். பட்டன் அக்கார்டியனைப் பொறுத்தவரை அந்தப் பதில் போதாது. எந்த ஸ்வரத்தை எந்த வரிசையில் எடுக்கிறார், துருத்தியை எந்தப் பக்கம் அசைக்கிறார் என்பதிலேயே தாக்கம் தெரிந்துவிடும். அதற்கு முதலில் பெட்டியின் அமைப்பு புரிய வேண்டும்.

ஒரு பட்டன், இரண்டு ஸ்வரம்

ஹார்மோனியத்தில் ஒலி எழுப்பும் அதே பித்தளை/எஃகு ரீடு வகைதான் இங்கும். காற்று பட்டதும் மெல்லிய உலோக நாக்கு அதிர்கிறது. ஆனால் ஹார்மோனியத்தில் ஒரு கட்டை எப்போதும் ஒரே ஸ்வரம்தான் தரும். இந்தப் பெட்டியில் துருத்தியை உள்ளே தள்ளும்போது ஒரு ஸ்வரம், வெளியே இழுக்கும்போது வேறு ஸ்வரம். பட்டன் அதேதான்.

ஒற்றை வரிசைப் பெட்டியில் மேஜர் ஸ்கேல், அதாவது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், இப்படி அமையும்: ஸ தள்ளு, ரி இழு, க தள்ளு, ம இழு, ப தள்ளு, த இழு, நி இழு, மேல் ஸ தள்ளு. எண்ணிப் பாருங்கள்: எட்டு ஸ்வரம் ஏறுவதற்குள் துருத்தி ஆறு முறை திசை மாறுகிறது. ஏன் இப்படி வைத்தார்கள்? தள்ளும்போது கிடைப்பவை எல்லாம் ஸ, க, ப மட்டுமே. எந்தப் பட்டன்களைச் சேர்த்து அமுக்கினாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தி ஒலிக்கும். 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியான் ‘அக்கார்டியன்’ என்ற பெயரில் காப்புரிமை வாங்கிய கருவியே கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, எளிதாக வாசிப்பதற்காக வந்ததுதான். பெயரிலேயே கார்டு இருக்கிறது.

ஐரிஷ் இசைக்குக் கார்டு அவ்வளவு முக்கியமில்லை. அது ஒற்றை மெட்டு இசை. ஐந்து பேர் சேர்ந்து வாசித்தாலும் ஐந்து பேரும் அதே மெட்டைத்தான் வாசிப்பார்கள். ஆகவே பெட்டி அங்கே போனபோது ஒரு பிரச்சினையோடுதான் போனது: ஃபிடில் (வயலின்தான்), குழல், பைப்ஸ் (பைக்குழல்) என ஏற்கெனவே இருந்த கருவிகள் எல்லாம் இழைந்து வாசிக்கக்கூடியவை, இது மட்டும் ஆறு முறை திரும்பித் திரும்பி மூச்சு விடும்.

அந்த ‘திக்-திக்’ அசைவையே தாளமாக மாற்றிக்கொண்டவர்கள் முதல் தலைமுறை. அமெரிக்காவின் புரூக்ளினில் வாழ்ந்த ஜான் கிம்மல் (1866–1942) ஜெர்மானிய வம்சாவளி, ஐரிஷ்காரர் அல்ல. ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒற்றை வரிசைப் பெட்டியில் ஐரிஷ் மெட்டுகளைப் பதிவு செய்தார். பத்துப் பட்டனில் இவ்வளவு செய்ய முடியுமா என்று இன்றும் கேட்கத் தோன்றும். கால்வேயிலிருந்து அமெரிக்கா போன பீட்டர் கான்லனும் அதே காலகட்டத்தவர்.

வாசிக்கும் சுருதி வரிசையில் இல்லாத பெட்டி

அடுத்து வந்தது இரண்டு வரிசைப் பெட்டி. ஐரிஷ் வகையில் இரண்டு வரிசைகளுக்கும் இடையே அரை ஸ்வர வித்தியாசம். ஒரு வரிசையில் கிடைக்காத ஸ்வரம் மற்றதில் கிடைத்துவிடும். ஆக 12 ஸ்வரங்களும் கைவசம். இதில் இன்று இரண்டு வகைகள் நிலைத்திருக்கின்றன. ஒன்றில் வெளி வரிசை சி ஷார்ப், உள் வரிசை டி. (சி, டி, பி எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்; ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே.) மற்றதில் வெளி வரிசை பி, உள் வரிசை சி. ஜோ பர்க் வாசித்தது இரண்டாவது வகை. பேச்சு வழக்கில் அது ‘பி-சி’.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரிஷ் மெட்டுகள் பெரும்பாலும் டி, ஜி சுருதிகளில் இருக்கும். பி-யிலோ சி-யிலோ வாசிப்பது அபூர்வம். அப்படியென்றால் பி-சி பெட்டி வாசிப்பவர் தன் பெட்டியின் எந்த வரிசையின் சொந்தச் சுருதியிலும் வாசிப்பதில்லை! இரண்டு வரிசைக்கும் குறுக்கே போய்த்தான் மெட்டைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கேட்டால் முட்டாள்தனமாகத் தோன்றும். டி-யை ஸ-வாக வைத்து ஸ்கேலைப் பாருங்கள்:

ஸ இழு (சி வரிசை), ரி தள்ளு (சி வரிசை), க தள்ளு (பி வரிசை), ம தள்ளு (சி வரிசை), ப இழு, த இழு (இரண்டும் சி வரிசை), நி இழு (பி வரிசை), மேல் ஸ இழு (சி வரிசை).

துருத்தி திசை மாறுவது இரண்டே முறை. ஒற்றை வரிசையில் ஆறு. பி-சி பெட்டியின் மர்மம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. விரல் வேலை கூடுகிறது, துருத்தி வேலை குறைகிறது. ஸ்வரங்கள் அறுபடாமல் ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. ரி-யும் த-வும் இரண்டு இடங்களில் கிடைக்கும். ரி சி வரிசையில் தள்ளினால் வரும். பி வரிசையில் இழுத்தாலும் வரும். த சி வரிசையில் இழுத்தால் வரும். பி வரிசையில் தள்ளினாலும் வரும். எந்த இடத்தில் எதை எடுப்பது? முன்னும் பின்னும் உள்ள ஸ்வரத்தைப் பொறுத்தது. ‘ஸ ரி ஸ’ என்று வந்தால், ஸ இழுப்பில் இருப்பதால் ரி-யையும் இழுப்பில் எடுக்க வேண்டும். ‘ரி க ம’ என்று ஏறினால் தள்ளலில். ‘ம த ம’ என்றால் த-வைத் தள்ளலில். ‘ப த ப’ என்றால் இழுப்பில். தொடக்கத்தில் பலர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே பட்டன் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வேகம் கூடும்போது துருத்தி தடுக்குவது அங்கேதான். பிறகு அதை மறந்து மறுபடி கற்பதற்கு முதலில் கற்றதைவிட அதிக நாளாகும்.

ஃபிடிலின் நிழல்

இவ்வளவு சுற்றி வளைத்து ஸ்வரங்களை ஒட்ட வைக்க வேண்டிய தேவை என்ன? விடை ஃபிடிலில் இருக்கிறது, குறிப்பாக மைக்கேல் கோல்மனிடம்.

கோல்மன் 1891-ல் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்தார். 1914-ல் அமெரிக்கா போனார். 1920-களிலும் 30-களிலும் நியூயார்க்கில் ஏராளமான 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். 1945-ல் அங்கேயே இறந்தார். அந்தத் தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்குத் திரும்பி வந்தன. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அதற்குள் இரண்டு மூன்று மெட்டுகளை நிறுத்தாமல் கோத்து வாசித்திருப்பார். 1934-ல் ‘டார்போல்டன்’ என்ற ரீலில் (ரீல் என்பது வேகமான நடன மெட்டு வகை) தொடங்கி அவர் கோத்த மூன்று ரீல்களை, இன்றும் அதே வரிசையில் வாசிப்பவர்கள் உண்டு. (பின்னணியில் பியானோ வாசித்தவர்கள் பல தட்டுகளில் மெட்டோடு சேராமல் தம் போக்கில் போவது தனிக் கொடுமை. அதைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.)

கோல்மனின் வாசிப்பில் அலங்காரங்கள் நிறைய. அவற்றில் முக்கியமானது ‘ரோல்’. ஒரு நீண்ட ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ள ஸ்வரத்தை ஒரு நொடிப்பொழுது தொட்டு, திரும்பி வந்து, கீழுள்ளதைத் தொட்டு, மறுபடி திரும்புவது. ஐந்து ஸ்வரம், ஃபிடிலில் ஒரே வில் வீச்சு. இதைப் பெட்டியில் செய்ய வேண்டுமானால் ஐந்தும் துருத்தியின் ஒரே திசையில் கிடைக்க வேண்டும். ஒற்றை வரிசையில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அது பெரும்பாலும் நடக்காது.

பி-சி பெட்டியில் ப-வில் ஒரு ரோல் போட்டுப் பாருங்கள். ப, த, ப, ப-வுக்கு அரை ஸ்வரம் கீழே (பிரதி மத்யமம்), ப. ஐந்தும் இழுப்பிலேயே கிடைக்கின்றன. க-வில்: க, ம, க, ரி, க. ஐந்தும் தள்ளலில். த-வில்: த, நி, த, அரை ஸ்வரம் கீழே, த. எல்லாம் இழுப்பு. ம-வில் மட்டும் சிக்கல்: ப இழுப்பில் இருப்பதால் மேலே தொட அது உதவாது, ம, த, ம, க, ம என்று த-வைத் தள்ளலில் எடுத்துச் சமாளிக்க வேண்டும். தொடுகை மிகக் குறுகியதென்பதால் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். ப-வின் ரோலில் கீழே தொடும் ஸ்வரம் மெட்டின் ஸ்கேலுக்குள் இல்லாத பிரதி மத்யமம். பி வரிசை பக்கத்தில் இருப்பதால் விரல் இயல்பாக அங்கே விழுகிறது. பி-சி வாசிப்புக்கென்று காதில் படும் அந்த லேசான ‘காரம்’ இந்த அரை ஸ்வரங்களிலிருந்து வருகிறது. சிலருக்கு அது அழகு, சிலருக்கு அதிகப்பிரசங்கம். இசையமைப்பாளர் ஷான் ஓ ரீடா 1962-ல் அயர்லாந்து வானொலியில் நடத்திய உரைத்தொடரில் அக்கார்டியனைக் கடுமையாகச் சாடினார். அப்படிச் சாடியவரின் சொந்தக் குழுவிலேயே சன்னி ப்ரோகன் என்ற அக்கார்டியன்காரர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வழி திறந்தவர்: பாடி ஓ’பிரையன்

பி-சி பெட்டியை முதலில் கையில் எடுத்தவர் ஜோ பர்க் அல்ல. டப்ளினில் மேலே சொன்ன ப்ரோகன் முன்பே வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் அதை ஒரு பாணியாக நிலைநிறுத்தியவர் டிப்பரரி மாவட்டத்தில் நீனா அருகே 1922-ல் பிறந்த பாடி ஓ’பிரையன். அவருடைய அப்பா டின்னி ஃபிடில்காரர். பாடியும் ஃபிடில் வாசிப்பார். ஃபிடிலில் தெரிந்த ரோல்களையும் மும்மைகளையும் (மூன்று ஸ்வரங்களை அடுத்தடுத்து விரைவாக எடுப்பது) பெட்டிக்குக் கொண்டுவர எந்த விரல் எங்கே போக வேண்டும் என்பதை அவர் ஒவ்வொன்றாகத் தீர்த்தார். ‘யெல்லோ டிங்கர்’, ‘சாலி கார்டன்ஸ்’ ரீல்களை வாசித்த அவருடைய 78 தட்டு வந்தபோது, அயர்லாந்து முழுக்கப் பெட்டிக்காரர்கள் தங்கள் பழைய பெட்டியைப் போட்டுவிட்டு பி-சி தேடிப் போனார்கள் என்றே சொல்லலாம். 1953-ல் மரபிசைப் போட்டியில் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். 1954-ல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து 1962-ல் ஊர் திரும்பினார். 1991-ல் இறந்தார். அவர் இயற்றிய மெட்டுகளில் பல இன்று யார் இயற்றியது என்றே தெரியாமல் வாசிக்கப்படுகின்றன. மரபிசைக்காரருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஜோ பர்க் இந்தத் தட்டுகள் வந்த காலத்தில் பதின்வயதில் இருந்தவர். கோல்மனின் தட்டுகளும் அவருக்கு உயிர். பழைய 78 தட்டுகளைப் பற்றி அவருக்கிருந்த அறிவு பேர்போனது. ஆக அவருக்கு ஃபிடில் இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. நேரடியாகக் கோல்மன் மூலம் ஒன்று. ஓ’பிரையன் பெட்டிக்கேற்ப மாற்றித் தந்த வடிவில் இன்னொன்று.

ஊரின் மெதுவான நடை

மூன்றாவது தாக்கம் அவருடைய ஊர். கிழக்கு கால்வேயின் இசை, பக்கத்து வட்டாரங்களோடு ஒப்பிட்டால் வேகம் குறைந்தது, உருக்கம் கூடியது. அயர்லாந்தில் மற்ற இடங்களில் அபூர்வமான டி மைனர், ஜி மைனர் சுருதிகள் இங்கே சகஜம். கில்கானல் பக்கத்து ஃபிடில்காரர் பாடி ஃபாஹி (1916–2019) இந்த வட்டாரத்தின் குரல். தாம் இயற்றிய மெட்டுகள் எதற்கும் அவர் பெயர் வைக்கவில்லை. அதனால் எல்லாமே ‘பாடி ஃபாஹியின் ரீல்’, ‘பாடி ஃபாஹியின் ஜிக்’ (ஜிக் இன்னொரு நடன மெட்டு வகை). எந்த ரீல் என்று கேட்டால் வாசித்துத்தான் காட்ட வேண்டும்.

இந்த மெட்டுகளில் சி, எஃப் ஸ்வரங்கள் ஷார்ப் இல்லாமல் வரும். பி-சி பெட்டியின் சி வரிசையில் அவை விரலடியிலேயே இருக்கின்றன. வட்டாரப் பாணியும் பெட்டி வகையும் இப்படி ஒத்துப்போனது ஜோ பர்க்குக்கு அதிர்ஷ்டம். அவருடைய ரீல்களில் அவசரமே இருக்காது. ரோலுக்குத் தேவையான இடத்தை அவர் கொடுப்பார். வேகப் போட்டியில் இறங்கும் இன்றைய இளம் வாசிப்பாளர்களிடம் காணாமல் போவது இதுதான்.

ஊரிலிருந்த இன்னொரு பள்ளிக்கூடம் கேய்லீ பாண்ட். கேய்லீ என்பது கூட்டு நடனக் கூடுகை; பாண்ட் அதற்கு வாசிக்கும் குழு. ஃபிடில்கள், குழல்கள், அக்கார்டியன், பியானோ, டிரம்ஸ். பர்க் வாசித்தது லீட்ரிம் கேய்லீ பாண்டில். லீட்ரிம் என்று ஒரு மாவட்டமே இருப்பதால் பலர் குழம்புவார்கள்; இந்த லீட்ரிம் கிழக்கு கால்வேயிலுள்ள சிற்றூர். நடனக்காரர்களுக்கு வாசிப்பவர் அலங்காரத்துக்காகத் தாளத்தை விட்டால் அடுத்த கணமே கால்கள் இடறும். பர்க்கின் எவ்வளவு சிக்கலான ரோலும் சரியாகத் தாளத் தட்டில் வந்து விழுவதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பட்டம், நியூயார்க், பதிவுகள்

மரபிசை அமைப்பான கோல்டஸ் 1951-ல் தொடங்கியது. அது நடத்தும் ‘ஃப்ளா கியோல்’ விழாவில் ஒவ்வொரு கருவிக்கும் போட்டி உண்டு. ஜோ பர்க் 1959-லும் 1960-லும் அக்கார்டியனில் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். அதன்பின் 1962 முதல் 1965 வரை நியூயார்க்.

அங்கேதான் ஆண்டி மெகானைப் பிடித்தார். மெகான் 1928-ல் நியூயார்க்கிலேயே பிறந்த ஃபிடில்காரர். சிறுவனாக இருந்தபோது கோல்மனையே நேரில் அறிந்து அவரிடமிருந்து கற்றவர். தட்டில் மட்டும் கேட்ட கோல்மன், பர்க்குக்கு இப்போது ஒரு கை தொலைவில் வந்துவிட்டார். பர்க், மெகான், பியானோவில் ஃபெலிக்ஸ் டோலன் என மூவரும் சேர்ந்து கோல்மனுக்கு அஞ்சலியாகச் செய்த இசைத்தொகுப்பு 1966-ல் வந்தது. பெட்டியும் ஃபிடிலும் ஒரே மெட்டை ஒரே ஸ்தாயியில் இழைந்து வாசிக்கும் பதிவு. எங்கே ஃபிடில் முடிகிறது, எங்கே பெட்டி தொடங்குகிறது என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. பெட்டிக்கு அரை நூற்றாண்டாக இருந்த தாழ்வு மனப்பான்மைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஊர் திரும்பியபின் 1973-ல் வந்த தனித்தொகுப்பு, 1979-ல் மெகான், டோலனுடன் மறுபடி ஒன்று, 1983-ல் ஹார்ப் துணையோடு ‘டெய்லர்ஸ் சாய்ஸ்’, 1996-ல் சார்லி லென்னனின் பியானோவோடு ‘பக்ஸ் ஆஃப் ஓரன்மோர்’ என்று பதிவுகள் தொடர்ந்தன. பர்க் குழலும் வாசிப்பார். அது அவருடைய மெதுவான பாடல் மெட்டுகளில் தெரியும். வாக்கியம் முடியும் இடத்தில் துருத்தியைக் குழல்காரர் மூச்சு விடுவதுபோல் தளர்த்துவார். மனைவி ஆன் கான்ராய் பர்க்கும் அக்கார்டியன் கலைஞர்.

‘பக்ஸ் ஆஃப் ஓரன்மோர்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண ரீலுக்கு எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இரண்டு முறை. இந்த ரீலுக்கு ஐந்து பகுதிகள். டி மேஜரில் போகும் மெட்டு. ஐந்து பகுதியும் வாசித்து முடிப்பதற்குள் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களை மாற்றி மாற்றி அலங்கரிக்கத் தெரியாவிட்டால் கேட்பவருக்கு அலுத்துவிடும். பர்க் அதே சொற்றொடரில் ஒருமுறை ரோல் போடுவார், அடுத்தமுறை மும்மை, அடுத்தது வெறும் நீண்ட ஸ்வரம். இந்த மெட்டும் அவர் பெயரும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன.

அதே மாவட்டம், வேறு பெட்டி

எல்லாரும் ஓ’பிரையன் பக்கம் போய்விடவில்லை. அதே கால்வேயின் பீட்டர்ஸ்வெல்லில் 1924-ல் பிறந்த ஜோ கூலி, டி வரிசையிலேயே தள்ளியும் இழுத்தும் வாசித்தார். அந்த ஆறு திசை மாற்றங்களும் அவரிடம் குறையாக இல்லை. ஒவ்வொரு மாற்றமும் நடனக்காரரை மேலே தூக்கும் விசை. 1954-ல் அமெரிக்கா போய், 1972-ல் நோயோடு திரும்பினார். 1973 நவம்பர் 29 அன்று கோர்ட் ஊரின் மதுக்கடை ஒன்றில் அவர் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். சரியாக மூன்று வாரத்தில், டிசம்பர் 20 அன்று இறந்தார். அந்தப் பதிவு 1975-ல் வெளிவந்த பிறகு, பி-சி அலையில் ஒதுங்கியிருந்த தள்ளு-இழு பாணிக்கு மறுவாழ்வு வந்தது. கார்க் மாவட்டத்து ஜாக்கி டேலி அந்தப் பாணியைச் சி ஷார்ப்-டி பெட்டியில் இன்னும் துல்லியமாக்கினார்.

இரண்டு பாணியையும் காதால் பிரிப்பது கடினமல்ல. துருத்தி திசை மாறும் கணத்தில் ரீடு நின்று வேறு ரீடு தொடங்குகிறது. இடையே மயிரிழை இடைவெளி. கூலியின் ரீலில் அந்த இடைவெளிகள் அடுக்கடுக்காக வரும். பர்க்கின் ரீலில் நான்கு ஐந்து ஸ்வரம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து பிறகுதான் ஓர் இடைவெளி. ஸ்கேல் மேலே ஏறும் இடத்தில், ப முதல் மேல் ஸ வரை, காதை வையுங்கள். பி-சி என்றால் நான்கும் ஒரே மூச்சு.

பெட்டி வாங்குபவருக்கும் தொடங்குபவருக்கும்

பர்க்கைக் கேட்டுவிட்டு இணையத்தில் கண்ட இரண்டு வரிசைப் பெட்டியை வாங்குபவர்கள் முதலில் மாட்டுவது சுருதியில். டி-ஜி, ஜி-சி என்று விற்கப்படும் பெட்டிகளில் வரிசைகளுக்கு இடையே அரை ஸ்வரம் இல்லை. ஸ-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம். அவை இங்கிலாந்து, பிரான்ஸ் இசைகளுக்கானவை. மேலே சொன்ன எந்த விரலமைப்பும் அவற்றில் வேலை செய்யாது. பி-சி என்று பெட்டியிலோ விளம்பரத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு வரிசையிலும் தள்ளலில் வரும் ஸ-வை ட்யூனர் செயலியில் சோதித்துவிடலாம்.

அடுத்தது ரீடுகளின் நடுக்கம். ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 443 என்றால் நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். வித்தியாசம் கூடக்கூட நடுக்கம் கூடும். நடனக் கூடத்தில் உரக்கக் கேட்க அது உதவியது. ஃபிடிலோடு இழைய வேண்டுமானால் வித்தியாசம் குறைவாக இருப்பது நல்லது. வாங்கிய பிறகு மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு ரீடாகச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டிய வேலை, செலவு அதிகம்.

பழைய பெட்டி என்றால் காற்றுக் கசிவைப் பாருங்கள். துருத்தி வாரைக் கழற்றி, ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, எந்தப் பட்டனையும் அமுக்காமல் மறுபக்கத்தைத் தொங்கவிடுங்கள். துருத்தி மெல்ல மெல்ல விரிய வேண்டும். தொப்பென்று விழுந்தால் துருத்தி மூலையிலோ பட்டன் அடியிலுள்ள மூடிகளிலோ ஓட்டை. சில பட்டன்கள் மட்டும் ஒரு திசையில் ஊமையாக இருந்தால், ரீடுத் தகட்டைப் பிடித்திருக்கும் தேன்மெழுகு காய்ந்து விட்டுப்போயிருக்கலாம், அல்லது ரீடின் மேல் மூடும் சின்னத் தோல் சுருண்டிருக்கலாம். இரண்டும் சரிசெய்யக் கூடியவை. ரீடில் துரு ஏறியிருந்தால் யோசியுங்கள்.

வாசிக்கத் தொடங்கியதும் வரும் முதல் அவஸ்தை காற்று. ஸ, ப, த, நி எல்லாம் இழுப்பில் இருப்பதால் டி மெட்டு ஒன்றை வாசிக்க ஆரம்பித்தால் துருத்தி விரிந்துகொண்டே போய், பாதி மெட்டில் கை எட்டாத தூரத்தில் நிற்கும். இடதுகைப் பெருவிரலடியில் காற்றுப் பட்டன் இருக்கும். ரி, க, ம போன்ற தள்ளல் ஸ்வரங்கள் வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் அமுக்கினால், அந்தக் குறுகிய நேரத்திலேயே துருத்தி மூடிக்கொள்ளும். மெட்டு முடிந்த பிறகு காற்றை விடலாம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தள்ளலிலும் சேர்த்து வைக்க வேண்டும். முதல் மாதத்திலேயே இதைப் பழகாதவர்கள் பிறகு வேகத்தைக் கூட்டும்போது துருத்தியை இழுத்துப் பறிக்கத் தொடங்குவார்கள், ஒலி கரகரக்கும்.

ரோல்களை உடனே தொடாமல், மெட்டு அலங்காரமின்றி ஓடும் வரை பொறுத்திருங்கள். ஆரம்பிக்கும்போது க-வின் ரோலில் ஆரம்பிக்கலாம். ஐந்து ஸ்வரத்தையும் சம நீளத்தில் வாசிப்பதே பொதுவான தவறு. முதல் க நின்று ஒலிக்க வேண்டும். மேலே தொடும் ம-வும் கீழே தொடும் ரி-யும் தட்டு மட்டுமே, ஸ்வரமாகக் காதில் பதியக்கூடாது. நீண்ட ரோல் முழுவதும் மூன்று குவேவர் (மேற்கத்திய குறியீட்டில் எட்டில் ஒரு பங்கு நீள ஸ்வரம்) நேரத்துக்குள் அடங்க வேண்டும். மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, முதல் ஸ்வரத்துக்கு ஒரு குவேவர், மீதி நான்குக்கும் இரண்டு குவேவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடதுகைப் பக்கம் பெரும்பாலும் எட்டு பாஸ் பட்டன்கள் இருக்கும். அவை பெரும்பாலும் பி, சி வரிசைகளின் சொந்தச் சுருதிக்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டவை. டி, ஜி மெட்டுகளில் பல இடங்களில் ஒவ்வாது. பி-சி வாசிப்பாளர்கள் பலர் அவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடுவார்கள். தொடக்கத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. பியானோவுக்கு லென்னன் இருந்தார். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிதார்காரர் கிடைப்பார்.